துண்டைக் காணோம், துணியைக் காணோம்!

மாட்ச் முடிந்துவிட்டது. 1902 ஏப்ரல் 19, லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானம், எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம் கலைந்து ரயில் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறது. பாவம், அசல் காட்சியைப் பார்க்காமல் போகிறார்கள்! வாருங்கள், நாம் மட்டும் சத்தம் போடாமல் டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் போய் எட்டிப் பார்ப்போம்.

உள்ளே ஷெஃபீல்டு யுனைடெட் அணி. ஒவ்வொரு முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. ஆல்ஃப் காமன் அடித்த கோலில் முன்னிலையில் இருந்தவர்கள். ஆட்டம் முடிய ஓரிரு நிமிடங்களே இருந்தபோது, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிற்று. சவுத்தாம்ப்டனின் ஹாரி வுட் கோல் போட்டு 1-1 ஆக்கிவிட்டார். ஆஃப்சைடு, ஆஃப்சைடு என்று ஷெஃபீல்டுக்காரர்கள் கையை உயர்த்திக் கத்தினார்கள். நடுவர் டாம் கிர்க்கம் லைன்ஸ்மேனிடம் போய்ப் பேசினார், திரும்பி வந்தார், கோல்தான் என்றார். தீர்ந்தது கதை. அடுத்த சனிக்கிழமை மறு ஆட்டம்.

பத்துப் பேர் பொருமிக்கொண்டே சட்டையைக் கழற்றுகிறார்கள். பதினோராவது ஆளும் கழற்றுகிறார். எல்லாவற்றையும் கழற்றுகிறார். ஆனால் குளிக்கப் போகவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறார்! கோல்கீப்பர் வில்லியம் ஃபௌல்க். ஆறடிக்கு மேல் உயரம், கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. நடையில் அதிகாரிகள், கோட்டும் தொப்பியுமாகக் கனவான்கள். அவர்களுக்கு நடுவே, பிறந்த மேனிக்கு, நடுவரைத் தேடிக்கொண்டு இந்த மனிதர்.

கிர்க்கம் பார்த்தார். துண்டைக் காணோம், துணியைக் காணோம் என்று ஓடினார். (உண்மையில் துண்டும் துணியும் இல்லாதவர் துரத்திக்கொண்டு வந்தவர்தான்.) துடைப்பம் வைக்கிற சின்ன அறை ஒன்று கண்ணில் பட, அதற்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாராம். ஃபௌல்க் கதவையே பெயர்த்தெடுக்கப் பார்த்தாராம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ.வின் செயலாளர் ஃபிரெடரிக் வால் உட்பட நாலைந்து பெரிய மனிதர்கள் சேர்ந்து அவரைச் சமாதானப்படுத்தி உள்ளே அனுப்பினார்கள் என்று கதை. இங்கிலாந்தின் கால்பந்து உலகில் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் கிடையாது. சொல்லச் சொல்லக் கொஞ்சம் பருத்திருக்கும், நாயகனைப் போலவே. ஆனால் அந்தக் கோலும், அந்தக் கோபமும், அந்த நடுவரும் நிஜம்.

இதில் இன்னொரு ருசி இருக்கிறது. ஒரு வாரம் கழித்து, அதே மைதானத்தில், மறு ஆட்டத்துக்கு விசில் ஊத வந்தவர் யார் தெரியுமா? அதே கிர்க்கம்! ஷெஃபீல்டு 2-1 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. நடுவருக்கு அன்று நிம்மதியாகச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

எதிரணியின் பின்வரிசையில் அன்று ஆடியவர் சி.பி. ஃப்ரை. கிரிக்கெட் பிரியர்கள் நிமிர்ந்து உட்காரலாம், ஆமாம், அவரேதான். ரஞ்சி கோப்பைக்குப் பெயர் தந்த ரஞ்சித்சிங்ஜியோடு சசெக்ஸ் அணிக்காக ரன்களைக் குவித்த ஃப்ரை, சவுத்தாம்ப்டனுக்குக் கால்பந்தும் ஆடினார். ஒரு பக்கம் ஆக்ஸ்ஃபோர்டு படித்த கனவான். மறு பக்கம் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த ஃபௌல்க். ஒரே புல்தரையில் இந்த இரண்டு இங்கிலாந்தும் மோதிக்கொண்ட காலம் அது.

ஃபௌல்க் எங்கிருந்து முளைத்தார்? 1874-ல் ஷ்ராப்ஷயரில் டாலி என்ற ஊரில் பிறந்தார். ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் நீந்திக் கடந்த கேப்டன் வெப் பிறந்த ஊரும் அதுவே. சின்ன ஊருக்கு இரண்டு பெரிய ஆட்கள். வளர்ந்தது டெர்பிஷயரில், பிளாக்வெல் கிராமத்தில், தாத்தா பாட்டி வீட்டில். அங்கே சுரங்கத்தில் வேலை, சுரங்க அணியில் கோல்கீப்பர். 1894-ல் ஷெஃபீல்டு யுனைடெட் அள்ளிக்கொண்டு போயிற்று.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குண்டுக் கதைகளில் இது அடிபட்டுப் போகிறது. வந்தபோது அவர் குண்டு இல்லை! எண்பது கிலோ சொச்சம்தான். ஆறடி உயரத்துக்கு அது ஒல்லி என்றே சொல்லலாம். வருஷா வருஷம் சதை ஏறிற்று. பின்னாளில் செல்சீ கிளப்புக்குப் போனபோது 140 கிலோ. ஏறிக்கொண்டே போன அந்த வருஷங்களில்தான் 1898-ல் லீக் பட்டமும், 1899-லும் 1902-லும் எஃப்.ஏ. கோப்பையும் வந்தன. 1897-ல் இங்கிலாந்து தேசிய அணிக்கும் ஆடினார். வேல்ஸுக்கு எதிராக 4-0 வெற்றி, ஒரு கோல்கூட விடவில்லை. அதுவே அவருடைய முதல் சர்வதேச ஆட்டம், கடைசியும் அதுதான். தேர்வாளர்களுக்கு என்ன கண் கோளாறோ! வேடிக்கை மனிதர் என்று அவரை ஓரம் கட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். வேடிக்கை மனிதர்தான். ஆனால் தன் காலத்தின் ஆகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர், அதுவே அவருடைய தொழில்.

சரி, டிரெஸ்ஸிங் ரூமுக்குத் திரும்புவோம். சாமான்களைத் தடவிப் பார்க்காமல் எப்படிப் போவது? மூலையில் நிற்பவை கர்லாக்கட்டைகள்! நம் ஊர் பயில்வான்கள் சுற்றுகிற அதே சாதனம். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைக்காரர்கள் பார்த்துப் பழகி ஊருக்குக் கொண்டுபோக, இங்கிலாந்தின் உடற்பயிற்சிக் கூடங்களெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிட்டன. கால்பந்து வீரனின் வாரம் இப்படித்தான் போகும்: நீண்ட நடை, கொஞ்சம் ஓட்டம், கயிறு தாண்டுதல், கர்லாக்கட்டை, அப்புறம் உடம்பு தேய்த்தல். பந்து? பந்தை அதிகம் கண்ணில் காட்ட மாட்டார்கள். வாரமெல்லாம் பட்டினி போட்டால் சனிக்கிழமை பந்தைக் கண்டதும் பாய்ந்து விழுவான் என்று பயிற்சியாளர்களுக்கு ஒரு சித்தாந்தம். சிரிக்காதீர்கள், பல பத்து வருஷங்கள் இதைத்தான் நம்பினார்கள்.

ஆணியில் தொங்குகிற ஜெர்சிகளைப் பாருங்கள். பதினொன்றும் ஒரே மாதிரி. கோல்கீப்பருக்குத் தனி நிறம் என்பது 1909-ல்தான் வந்தது. கூட்டத்துக்குள் யார் கையால் பிடிக்கலாம், யார் பிடிக்கக் கூடாது என்று கண்டுபிடிப்பது நடுவரின் தலைவலி. ஷெஃபீல்டு விஷயத்தில் மட்டும் அந்தக் குழப்பம் இருந்திருக்காது. யார் கோல்கீப்பர் என்று மைதானத்துக்கு வெளியே இருந்தே தெரியும்.

விதிகளும் வேறு. 1912 வரை கோல்கீப்பர் தன் அணியின் பாதி மைதானம் முழுக்கப் பந்தைக் கையால் தொடலாம். ஆனால் கையில் வைத்துக்கொண்டு இரண்டு எட்டுக்கு மேல் நடக்கக் கூடாது. பந்து அவர் கையில் இருந்தால் எதிரணி ஃபார்வர்டுகள் தோளால் இடித்துப் பந்தோடு சேர்த்தே வலைக்குள் தள்ளலாம், கோல்! இதுதான் அன்றைய கோல்கீப்பரின் பிழைப்பு. நாலைந்து பேர் ஓடி வந்து இடிப்பார்கள். விழாமல் நிற்க வேண்டும், நின்றபடியே பந்தைக் குத்தி வெளியே தள்ள வேண்டும். இப்போது யோசியுங்கள், அந்த வேலைக்கு எப்படிப்பட்ட உடம்பு வேண்டும்? ஃபௌல்க் குத்தினால் பந்து நடுக்கோட்டுக்குப் போகும் என்பார்கள். நனைந்தால் ஈயமாகக் கனக்கிற தோல் பந்து, நாடா போட்டு இறுக்கியது. நாடா இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் தழும்பு நிச்சயம். உடம்பின் கனம் அவருக்குப் பாரம் என்று சிரித்தவர்கள், அதுவே அவர் பிழைப்பின் கருவி என்பதைக் கவனிக்கவில்லை. அதைவிட ஆச்சரியம், அந்த உடம்போடு அவர் பாய்வார் என்பது. குனிந்து தரையோடு வருகிற பந்தையும் விட மாட்டார்.

ஷெஃபீல்டு யுனைடெட்டின் சொந்த மைதானமான பிரமால் லேனை ஒரு சுற்று சுற்றிவிடலாம். மூன்று பக்கம்தான் கால்பந்துக் கூட்டம். நாலாவது பக்கம் வெட்டவெளி, ஏனென்றால் அது கிரிக்கெட் மைதானமும்கூட. ஃபௌல்க் அந்த ஆட்டத்தையும் விடவில்லை. 1900-ல் டெர்பிஷயர் கவுண்டி அணிக்காக நாலு முதல்தர ஆட்டம் ஆடி, ஓர் அரைசதமும் அடித்தார். ஷெஃபீல்டு அணித் தலைவர் எர்னஸ்ட் நீதமும் அதே டெர்பிஷயர் அணியின் பேட்ஸ்மேன். குளிர்காலத்தில் பூட்ஸ், கோடையில் பேட். அந்த வேடிக்கை 1902 ஜூலையில் உச்சத்துக்குப் போயிற்று: பிரமால் லேனில் இங்கிலாந்து - ஆஸ்திரேலியா டெஸ்ட்! அங்கே நடந்த ஒரே டெஸ்ட் அது. மூன்று மாதம் முன்பு ஷெஃபீல்டோடு இறுதி ஆட்டத்தில் மோதிய அதே ஃப்ரை, இப்போது இங்கிலாந்து பேட்ஸ்மேனாக ஷெஃபீல்டு மண்ணில் இறங்கினார். முதல் இன்னிங்ஸ் 1 ரன், இரண்டாவது இன்னிங்ஸ் 4. இங்கிலாந்தும் தோற்றது. ஊர்க்காரர்கள் வருத்தப்பட்டார்களா, உள்ளூரக் குஷிப்பட்டார்களா என்று கேட்காதீர்கள்.

பேச்சோடு பேச்சாக 1901 இறுதி ஆட்டத்தின் பின்கதையையும் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அந்த வருஷமும் ஷெஃபீல்டு இறுதிக்கு வந்தது. எதிரே டாட்டன்ஹாம், லீக்கிலேயே சேராத அணி. கூட்டம் 1,10,820! எட்டிப் பார்க்க மரத்தில்கூட இடமில்லை. 2-2 என்று முடிந்தது. ஷெஃபீல்டின் இரண்டாவது கோல் கோலே இல்லை. டாட்டன்ஹாம் கோல்கீப்பர் தடுமாறிப் பிடித்த பந்து கோட்டைத் தாண்டவே இல்லை. தூரத்தில் நின்ற நடுவர் கோல் என்று கை காட்டிவிட்டார். ஆட்டத்தைப் படம் பிடித்த சினிமாக்காரர்களின் ஃபிலிம் அவர் குட்டை உடைத்தது. கவனியுங்கள்: அந்த வருஷம் ஃபௌல்க் யாரையும் துரத்தவில்லை.

மறு ஆட்டத்தைப் போல்டன் நகரத்தில் வைத்தார்கள். ஆஹா, கூட்டம் அலைமோதப் போகிறது என்று ஊர் முழுக்க அடுப்பு மூட்டி இறைச்சி பை சுட்டு அடுக்கினார்கள். ஆனால் போல்டன் ரயில் நிலையத்தில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. ரயில் கம்பெனி சலுகைக் கட்டணம் தர மறுத்துவிட்டது. வந்தவர்கள் இருபதாயிரம் பேர் சொச்சம். சுட்ட பைகள் மலையாகத் தேங்கின. அந்த நாளுக்கு உள்ளூரில் ‘பை சனிக்கிழமை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஷெஃபீல்டு 3-1 என்று தோற்றது. ஃபௌல்க் ஊருக்குப் போகும்போது மிச்சம் இருந்த பைகளைக் கவனித்திருந்தால் போல்டன் வியாபாரிகளின் நஷ்டம் பாதியாகக் குறைந்திருக்கும்.

சாப்பாட்டுப் பேச்சு வந்துவிட்டதால் அந்தப் புகழ்பெற்ற காலை உணவையும் முடித்துவிடுவோம். அணி ஓர் ஓட்டலில் தங்கியிருந்தது. மற்றவர்கள் இறங்கி வருவதற்குள் ஃபௌல்க் மேஜைக்குப் போய், பதினொரு பேருக்கு வைத்திருந்த காலை உணவையும் தனியாளாகக் காலி செய்துவிட்டாராம். சகாக்கள் வசை பாட, நீங்கள் என்ன வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், சாப்பாட்டுக்கு மட்டும் தாமதமாகக் கூப்பிடாதீர்கள் என்ற பொருளில் பதில் சொன்னாராம். ‘ஃபேட்டி’ என்று ஊரே கூப்பிட்டது. ‘லிட்டில் வில்லி’ என்றும் குறும்பாகச் சொல்வார்கள். வயிற்றைப் பார்த்துச் சிரிக்கிறவர்களை முந்திக்கொண்டு தானே சிரிக்க வைக்கத் தெரிந்தவர்.

இனி, கஜானாவைத் திறப்போம்! முதல் தரமான தொழில்முறை வீரன் அன்று எவ்வளவு சம்பாதித்தான்? 1901-ல் எஃப்.ஏ. ஓர் உச்சவரம்பு வைத்தது: வாரம் 4 பவுண்டுக்கு மேல் எந்தக் கிளப்பும் எந்த வீரனுக்கும் தரக் கூடாது. கைத்தொழிலாளி வாங்குவதைப் போல இரண்டு மடங்கு இருக்கும், மோசமில்லை. ஆனால் ஒரு லட்சம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஆட்டத்தின் நாயகனுக்கும் அதே நாலு பவுண்டுதான். கிளப் விரும்பாமல் வேறு கிளப்புக்குப் போகவும் முடியாது. வீரனை விற்ற பணம் கிளப்புக்கு. டிரெஸ்ஸிங் ரூமில் ஃபௌல்க்கோடு இருந்த ஆல்ஃப் காமனைப் பாருங்கள். 1904-ல் சண்டர்லாந்துக்குப் போனார். 1905 பிப்ரவரியில் மிடில்ஸ்பரோ அவரை 1,000 பவுண்டு கொடுத்து வாங்கிற்று. உலகத்திலேயே நாலு இலக்கத்தில் விலைபோன முதல் வீரர்! ஒரு மனிதனுக்கு ஆயிரம் பவுண்டா என்று பத்திரிகைகள் வாயில் அடித்துக்கொண்டன. காமன் கைக்கு வந்தது? சட்டப்படி வாரம் நாலு. அந்த உச்சவரம்பு, தொகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறினாலும், 1961 வரை ஒழியவில்லை. கிளப்புகள் மேஜைக்கு அடியில் கொடுத்தன, மாட்டிக்கொண்டன, மறுபடி கொடுத்தன.

அதே 1905-ல், கோடையில், ஃபௌல்க்கும் கைமாறினார். விலை 50 பவுண்டு. ஆயிரத்துக்கு முன்னால் ஐம்பது! முப்பத்தொரு வயது, எடை கூடிய கோல்கீப்பர், யார் வாங்குவார்கள்? வாங்கியது அப்போதுதான் பிறந்த ஒரு கிளப். லண்டனில் கஸ் மியர்ஸ் என்ற ஒப்பந்தக்காரரிடம் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் என்ற பிரமாண்ட மைதானம் இருந்தது. ஆட அணி இல்லை! ஊரிலெல்லாம் அணிக்கு மைதானம் தேடுவார்கள்; இவர் மைதானத்துக்கு அணி தேடினார். 1905 மார்ச்சில், எதிரே இருந்த மதுக்கடை மாடியில் கூடி ஒரு கிளப்பை ஆரம்பித்தார்கள். அதுதான் செல்சீ. இன்று உலகம் முழுக்க நீலச் சட்டை விற்கிற அதே செல்சீ.

ஆள் இல்லாத கிளப்புக்குக் கூட்டம் வேண்டும். கூட்டத்துக்கு ஒரு காட்சிப் பொருள் வேண்டும். யார் யோசனையோ தெரியவில்லை, பிரமாதமான யோசனை: ஃபௌல்க்கை அணித் தலைவராக்கினார்கள், கோலுக்குப் பின்னால் இரண்டு பொடியன்களை நிறுத்தினார்கள். அவ்வளவுதான். பையன்கள் அங்கே நிற்க நிற்க, முன்னால் நிற்கிறவர் இன்னும் மலையாகத் தெரிந்தார். சும்மா நிற்கிற பையன்கள் வெளியே போன பந்தைப் பொறுக்கிப் போட ஆரம்பித்தார்கள். இன்று எல்லா மைதானத்திலும் ஓடுகிற பந்து பொறுக்கும் பையன்களின் மூதாதையர் இவர்கள்தான் என்று கால்பந்து வரலாற்றுக்காரர்கள் சொல்கிறார்கள். கண்மாயமாக ஆரம்பித்தது, வேலைவாய்ப்பாக முடிந்தது.

ஆனால் வித்தையைத் தாண்டிப் பாருங்கள். அந்தக் கோடையில்தான் ஒரு விதி மாறியிருந்தது. முன்பெல்லாம் பெனால்ட்டி அடிக்கும்போது கோல்கீப்பர் கோட்டிலிருந்து ஆறு கெஜம் வரை முன்னேறி வந்து அடிப்பவன் முகத்துக்கு நேரே நிற்கலாம். ஃபௌல்க் முன்னால் வந்து நின்றால் வலையே மறைந்துவிடும், அடிப்பவனுக்குக் கை கால் உதறும். 1905-ல் அந்தச் சலுகை போயிற்று. கோட்டிலேயே நிற்க வேண்டும். கூடுதல் கனத்துக்கு இனிப் பயனில்லை, ஆள் முடிந்தார் என்றுதானே நினைப்போம்? அந்த ஒரு பருவத்தில் பத்துப் பெனால்ட்டிகளைத் தடுத்தார் என்று கணக்கு! தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. புத்தம் புதிய செல்சீ இரண்டாம் டிவிஷனில் முதல் வருஷமே மூன்றாவது இடம். தன் அணியின் டிஃபெண்டர்கள் அசமந்தமாக ஆடினால் கோபத்தில் கோலை விட்டே நடந்து போய்விடுவார் என்றும் சொல்வார்கள். ஒரே பருவம்தான் லண்டன். அடுத்த வருஷம் பிராட்ஃபோர்டு சிட்டி.

அங்கேயும் டிரெஸ்ஸிங் ரூம் கூத்து ஒன்று காத்திருந்தது. 1907-ல் அக்ரிங்டன் ஸ்டான்லியோடு எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். எதிரணியின் சட்டையும் ஃபௌல்க்கின் சட்டையும் ஒரே நிறமாகிவிட்டது. மாற்றச் சொன்னார்கள். எதை மாற்றுவது? ஊரில் இருந்த எந்தச் சட்டையும் தலைக்கு மேல் நுழைந்து கழுத்தோடு நின்றது. கடைசியில் பக்கத்து வீட்டில் போய் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை வாங்கி வந்து உடம்பில் சுற்றிவிட்டார்கள். அந்தக் கோலத்தோடு கோலில் நின்றார். பிராட்ஃபோர்டு 1-0. விரிப்பில் ஒரு பொட்டு சேறு இல்லையாம்!

இத்தனை கதை கேட்டபிறகு அந்த மனிதரை நேரில் பார்க்க வேண்டும் போல் இருக்கிறதா? பார்க்கலாம். லங்காஷயரின் பிளாக்பர்ன் நகரத்தில் மிட்செல், கென்யன் என்று இரண்டு ஃபிலிம்காரர்கள் இருந்தார்கள். ஆலை வாசல், கடற்கரை, கால்பந்து மைதானம் என்று கூட்டம் எங்கேயோ அங்கே கேமராவை வைத்துக் கையால் சுழற்றுவார்கள். நோக்கம் கலை அல்ல, கல்லா. தன் முகத்தைத் திரையில் பார்க்க எவன் காசு கொடுக்க மாட்டான்? அதனால் ஆட்டத்தைவிடக் கூட்டத்தைத்தான் ஆசையாகப் படம் பிடித்தார்கள். கம்பெனி மறைந்தது, ஃபிலிம்களும் போயின என்று நினைத்தார்கள். 1994-ல் பிளாக்பர்னில் ஒரு பழைய கடையைப் புதுப்பித்த வேலையாட்கள், நிலவறையில் உலோகப் பீப்பாய்களைக் கண்டெடுத்தார்கள். உள்ளே எண்ணூறுக்கும் மேற்பட்ட ஃபிலிம் சுருள்கள்! குப்பைக்குப் போகவிருந்தவை பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டுக்குப் போயின.

அவற்றில் ஒன்று 1902 செப்டம்பர் 6-ல் பிரமால் லேனில் நடந்த ஷெஃபீல்டு யுனைடெட் - பரி ஆட்டம். அதில் ஃபௌல்க் இருக்கிறார். பத்து விநாடி பார்த்தால் போதும், இத்தனை நாள் படித்த கதைகளின் கார்ட்டூன் மனிதர் காணாமல் போய், வேலைக்கு வந்த ஒரு பெரிய மனிதர் தெரிகிறார். சுறுசுறுப்பான ஆள். நாம் இன்று பார்க்கிற செவ்வகப் பெனால்ட்டி பாக்ஸ் புல்லில் விழுந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்பு வளைவு வளைவாக வேறு கோடுகள். இன்று நமக்குப் பழகிய மைதானத்தின் முதல் குடித்தனக்காரர்களில் அவரும் ஒருவர்.

ஆட்டக் காலம் முடிந்த பிறகு என்ன ஆனார்கள் இந்த வீரர்கள்? கொண்டாட்டமான பதில் இல்லை. ஃபௌல்க்குக்கு முன்னால் வலது ஓரத்தில் பறந்த வால்ட்டர் பென்னட், இங்கிலாந்துக்கே ஆடியவர், பூட்ஸைக் கழற்றியதும் மறுபடி சுரங்கத்துக்கே போனார். 1908-ல் டெனபி மெயின் சுரங்கத்தில் கூரை சரிந்து செத்தார். 1902-ல் காயம் பட்டு அவர் மறு ஆட்டம் ஆடவில்லை. அவர் இடத்தில் வந்த பில்லி பார்ன்ஸ் வெற்றிக் கோலைப் போட்டார். அப்படி ஒரு ராசி பென்னட்டுக்கு.

ஃபௌல்க் தப்பித்தார். பிரமால் லேனுக்குப் பக்கத்திலேயே கடை வைத்தார், பிறகு மதுக்கடை. ஆனால் கதை கட்டுகிறவர்கள் அவரைச் சும்மா விடவில்லை. பிளாக்பூல் கடற்கரையில் ஒரு பென்னிக்கு ஒரு அடி என்று பெனால்ட்டி பந்துகளைத் தடுத்துப் பிழைத்தார், கடற்காற்றில் சளி பிடித்து நிமோனியாவில் போனார் என்று பரிதாபக் கதை ஒன்று பல வருஷம் ஓடியது. சர்க்கஸ்காரரின் முடிவு சர்க்கஸ் மாதிரியே இருக்க வேண்டும் என்று ஆசை போலிருக்கிறது. 1916 மே 1-ல் அவர் இறந்தது ஷெஃபீல்டில். சான்றிதழில் காரணம் கல்லீரல் நோய். வயது 42. அடக்கம் பர்ன்கிரீவ் கல்லறைத் தோட்டத்தில்.

கதை கட்டுகிறவர்களுக்கு அவரே ஒரு முறை பதில் சொல்லியிருக்கிறார். லிவர்பூலின் ஜார்ஜ் ஆலனைப் பற்றிய கதை அது. 1898-ல் ஆலன் முட்ட வந்தாராம். ஃபௌல்க் அவரைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சேற்றில் தலையை நட்டாராம். இரண்டு பேருக்கும் ஜென்மப் பகை என்று மசாலாவும் தூவப்பட்டிருந்தது. ஓய்வுபெற்ற பிறகு, 1913-ல், லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்று அவர் வாயைக் கிண்டியது. பகையா? நாங்கள் நல்ல சிநேகிதர்கள் என்றார். நான் பந்தைப் பிடிக்கும்போது ஆலன் பலமாக வந்து விழுந்தார், நான் தற்காப்புக்குக் குனிந்தேன், அவர் என் தோளில் பட்டு எகிறிப் போய் விழுந்தார், அவ்வளவுதான் என்றார். ஆலன் வந்து சாட்சி சொல்ல வழியில்லை. காசநோயில் 1899-லேயே, இளம் வயதில், போய்விட்டார். தலைகீழாகத் தூக்கினாய் என்று ஊரே சொன்னதில் ஃபௌல்க்குக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பதினைந்து வருஷம் ஆகியும் அவர் மனதில் ஆறாமல் இருந்தது வேறொன்று: அதற்குப் போய் நடுவர் ஒரு பெனால்ட்டி கொடுத்தார், எங்கள் ஆட்டம் போச்சு!